மறைமாவட்டமா, மண்டலமா? ‘டயோசிஸ்’ என்னும் சொல்லுக்கு ஒரு விளக்கம்

‘பேரரசர் டயோக்ளீசியன் உரோமானியப் பேரரசைப் பன்னிரண்டு மறைமாவட்டங்களாகப் பிரித்தார்.’ இந்த வாக்கியமோ இதன் சாயலில் வேறொன்றோ, உரோமானிய வரலாறு பற்றித் தமிழில் வரும் மொழிபெயர்ப்புகளிலும் காணொளி உரைகளிலும் தேர்வுக் குறிப்புகளிலும் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. மறைமாவட்டம் என்றால் ஒரு கத்தோலிக்க ஆயரின் பொறுப்பில் உள்ள நிலப்பரப்பு என்பது தமிழ் படிக்கத் தெரிந்த எவருக்கும் தெரியும். டயோக்ளீசியனோ, 303 பிப்ரவரி 23 அன்று நிகோமீடியா நகரில் தம் அரண்மனையிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் நின்ற தேவாலயத்தை இடித்துத் தள்ளச் செய்தவர். மறுநாளே ஆணை வெளியிட்டு, வேதநூல்களை எரிக்கவும் கிறித்தவர்களின் பதவிகளையும் உரிமைகளையும் பறிக்கவும் வழிசெய்தவர். திருச்சபையை வேரோடு பிடுங்க முயன்ற ஓர் அரசரை மறைமாவட்டங்களை நிறுவியவராகக் காட்டும் வாக்கியம், சொல் தேர்வில் நேர்ந்த சிறு சறுக்கலாக விட்டுவிடக் கூடியதன்று. அந்தக் காலத்தில் அரசும் சமயமும் எவ்வாறு உறவுகொண்டன என்பதையே அது தலைகீழாக்கிவிடுகிறது.

மேலே மறைமாவட்டம் என்று பெயர்க்கப்பட்டிருப்பது ‘டயோசிஸ்’ என்னும் சொல். அதன் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் ‘ஓய்கோஸ்’ என்றால் வீடு. ‘தியோய்கேசிஸ்’ என்றால் வீட்டை நடத்துவதுபோல் ஒன்றை நிருவகித்தல், குறிப்பாக வரவு செலவை மேற்பார்த்தல். எகிப்தை ஆண்ட தாலமி அரசர்களின் நிதியமைச்சருக்குத் ‘தியோய்கேதேஸ்’ என்று பெயர். இலத்தீனுக்குள் நுழைந்தபோது அது நிலப்பகுதியைக் குறிக்கலாயிற்று. கி.மு. 51-50இல் இன்றைய துருக்கியின் தென்பகுதியிலுள்ள சிலிசியாவின் ஆளுநராக இருந்த உரோமானியச் சொற்பொழிவாளர் சிசரோ, ஆசிய மாகாணத்திலிருந்து பிரித்துத் தம் பொறுப்பில் சேர்க்கப்பட்ட நீதிமன்ற வட்டாரங்களை இச்சொல்லாலேயே தம் கடிதங்களில் குறிப்பிடுகிறார். டயோக்ளீசியன் என்ற பெயரிலிருந்து டயோசிஸ் வந்தது என்று சிலர் நம்புகிறார்கள், அது பிழை. அரசரின் பெயரில் உள்ள முன்பகுதி சியூஸ் என்னும் கடவுளின் பெயர். இச்சொல்லின் முன்பகுதி ‘ஊடாக’ என்று பொருள்படும் இடைச்சொல். ஒலி ஒப்புமைக்கு மேல் இரண்டுக்கும் உறவில்லை.

284இல் டயோக்ளீசியன் பதவிக்கு வந்தபோது பேரரசில் ஏறத்தாழ 50 மாகாணங்கள் இருந்தன. அவருடைய ஆட்சியில் அவை வெட்டிச் சிறியனவாக்கப்பட்டு ஏறத்தாழ நூறாயின. மாகாணங்கள் துண்டு துண்டாக நறுக்கப்பட்டன, ஊருக்கு ஊர் அதிகாரிகள் பெருகினர் என்று அக்காலத்துக் கிறித்தவ எழுத்தாளர் லாக்டான்ஷியஸ் கசந்து எழுதியிருக்கிறார். நூறு ஆளுநர்களையும் மேலிடமே நேரடியாகக் கண்காணிக்க முடியாது. அதனால் சில மாகாணங்களைச் சேர்த்து ஒரு டயோசிஸாக்கி, அதன் தலைமையில் ‘விகாரியுஸ்’ என்னும் அதிகாரியை அமர்த்தினார்கள். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த, மாகாணங்களை வரிசைப்படுத்தும் வெரோனாப் பட்டியலில் இத்தகைய 12 பிரிவுகள் உள்ளன: கிழக்கு, போந்தஸ், ஆசியா, திரேசு, மோசியா, பன்னோனியா, பிரித்தானியா, கௌல், வியன்னா, இத்தாலி, ஹிஸ்பானியா, ஆப்பிரிக்கா. (இங்கே வியன்னா என்பது இன்றைய பிரான்சின் தென்பகுதியில் ரோன் ஆற்றங்கரையில் உள்ள வியன் நகரத்தின் பெயரால் வந்தது, ஆஸ்திரியத் தலைநகரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.) இவ்வமைப்பை டயோக்ளீசியனே செய்து முடித்தாரா, 313-314ஐ ஒட்டிப் பிந்தைய பேரரசர்களான கான்ஸ்டன்டைனும் லிசினியுஸும் செய்தார்களா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். யார் செய்திருந்தாலும், அது வரி, வழக்கு, ஆளுநர் கண்காணிப்பு ஆகியவற்றுக்காகப் பிறந்த அமைப்பு. அதன் பிறப்பில் ஆயருக்கோ பலிபீடத்துக்கோ இடமில்லை.

இனி, மறைமாவட்டம் என்ற பெயர்ப்பில் உள்ள இரட்டைப் பிழையைப் பார்க்க வேண்டும். ‘மறை’ என்ற முன்பகுதி தவறு என்பது எளிதில் விளங்கும். அதை மட்டும் நீக்கிவிட்டு ‘மாவட்டம்’ என்று எழுதுவோரும் உண்டு. அவர்கள் அடுத்த பிழையில் விழுகிறார்கள். தமிழில் மாவட்டம் என்பது மாகாணத்துக்கும் மாநிலத்துக்கும் கீழே உள்ள அலகு. உரோமானிய டயோசிஸோ மாகாணத்துக்கு மேலே உள்ளது. பிரித்தானியா டயோசிஸில் 4 மாகாணங்கள் அடங்கின. ஹிஸ்பானியா டயோசிஸ் இன்றைய ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் கொண்டதோடு நில்லாமல், கடல் கடந்து மொராக்கோவின் வடபகுதியையும் தன்னுள் சேர்த்துக்கொண்டிருந்தது. இதை மாவட்டம் என்று படிக்கும் மாணவர், ஒரு மாகாணத்துக்குள் பல மாவட்டங்கள் என்று தாமாகவே கற்பனை செய்துகொண்டு, அடுத்த பத்தியில் ஒரு மாவட்டத்துக்குள் எட்டு மாகாணங்கள் இருப்பதாகப் படித்துத் திகைக்கிறார். பிழை தன் அறிவில்தான் என்று அவர் எண்ணிக்கொள்வதே எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

‘நிர்வாக மறைமாவட்டம்’ என்று ஒட்டுப்போட்டுத் தப்பிக்கப் பார்ப்பதும் பயனற்றது; முன்சொல்லும் பின்சொல்லும் ஒன்றையொன்று மறுக்கும் தொடர் அது. ‘டயோசிஸ்’ என்று ஒலிபெயர்த்துவிட்டால் சிக்கல் தீரும் என்பார்க்கும் ஒரு சொல்: தமிழ்நாட்டில் சீர்திருத்தச் சபையினர் அன்றாடம் புழங்கும் சொல் அது. டயோசிஸ் அலுவலகம், டயோசிஸ் தேர்தல், டயோசிஸ் பள்ளி என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது மறைமாவட்டத்தை விடவும் அழுத்தமாகத் திருச்சபையையே நினைவூட்டும். ‘கோட்டம்’ என்ற பழஞ்சொல்லை முன்வைக்கலாமா என்றால், தொண்டை நாட்டின் 24 கோட்டங்கள் முதல் இன்றைய வருவாய்க் கோட்டம் வரை அது எப்போதும் சிறிய பிரிவையே குறித்து வந்திருக்கிறது. வட்டமோ இன்னும் சிறியது.

எஞ்சி நிற்பது ‘மண்டலம்’. இச்சொல்லே இங்கு முற்றிலும் பொருந்துவது என்பது என் உறுதியான கருத்து. சோழர் ஆட்சியில் மண்டலத்துக்குக் கீழே வளநாடும், அதற்குக் கீழே நாடும் கூற்றமும் இருந்தன. ஈழத்தின் சோழப் பகுதி மும்முடிச்சோழ மண்டலம் எனப்பட்டது. ஆக, பேரரசுக்கு அடுத்த பெரிய நிலப்பிரிவைச் சொல்லும் வழக்கு இச்சொல்லுக்குப் பழையது. இன்றைய வழக்கும் அதற்கு இசைவாகவே உள்ளது: தென்மண்டல வானிலை ஆய்வு மையம் பல மாநிலங்களைப் பார்க்கிறது, காவல்துறையின் மேற்கு மண்டலத் தலைவர் பல மாவட்டங்களைக் கண்காணிக்கிறார். பல அலகுகளைச் சேர்த்து மேற்பார்வைக்காக ஏற்படுத்திய இடைநிலை என்ற கருத்தைத் தமிழர் எந்த அகராதியும் இல்லாமல் இச்சொல்லில் உணர்கிறார்கள். விகாரியுஸின் பணியும் அதுவே. இது வடசொல் என்று ஒதுக்குவோருக்கு ஒன்று சொல்வேன். மண்டிலம் என்ற வடிவில் சங்கப் பாடல்களிலேயே புழங்கி, சோழர் கல்வெட்டுகளில் ஊன்றி, கொங்கு மண்டலம் என்று மக்கள் நாவில் இன்றும் வாழும் சொல்லைத் துரத்திவிட்டு, அதன் இடத்தில் எவருக்கும் விளங்காத புத்தாக்கம் ஒன்றை நடுவது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது. தூய்மையை நானும் விரும்புகிறேன். ஆயினும் தெளிவைப் பலி கொடுத்துப் பெறும் தூய்மையை விரும்பவில்லை.

மண்டலத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதுவே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. தென்னிந்தியத் திருச்சபையினர் ஆயரின் ஆளுகைப் பகுதியைத் ‘திருமண்டலம்’ என்கிறார்கள். திருநெல்வேலித் திருமண்டலம் என்பது அனைவரும் அறிந்த பெயர். அரசாட்சிச் சொல்லாகிய மண்டலத்தின் முன்னே ‘திரு’ சேர்த்துச் சமயச் சொல்லாக்கியிருக்கிறார்கள். உரோமானிய உலகில் நிகழ்ந்ததும் இதே நிகழ்ச்சிதான்: வரி அதிகாரிகளின் சொல்லைத் திருச்சபை எடுத்துத் தனதாக்கிக்கொண்டது. கத்தோலிக்கரின் மறைமாவட்டமும் அதே வழியில் பிறந்ததே. ‘மேற்றிராசனம்’ என்ற அவர்களின் பழைய சொல்லுக்கு அடிப்படையான, ஆயரைக் குறிக்கும் மேற்றிராணியார் என்பதும், மாகாணத் தலைநகரைக் குறிக்கும் மெட்ரோபொலிஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து சிரிய மொழி வழியாக நம்மிடம் வந்தது. அரசின் பெயர்களைச் சமயம் தாங்கிக்கொண்ட வரலாறு தமிழிலேயே இவ்வளவு தெளிவாகக் கிடைக்கும்போது, மண்டலம் என்று எழுதி அதைக் காட்டாமல், மறைமாவட்டம் என்று எழுதி மறைப்பது ஏன்?

இந்தக் கைமாற்றம் ஒரே நாளில் நடந்ததன்று. முதலில் திருச்சபை அரசின் சொல்லைப் பெறவில்லை, அரசின் வண்டிகளைப் பெற்றது. 314இல் ஆர்ல் நகரில் ஆயர்களைக் கூட்டிய கான்ஸ்டன்டைன், சிரக்கூசின் ஆயர் கிரெஸ்துஸுக்கு எழுதிய கடிதத்தில், சிசிலியின் ஆளுநரிடம் அரசு அஞ்சல் வண்டியைப் பெற்றுக்கொண்டு புறப்படும்படி பணிக்கிறார். அரை நூற்றாண்டு கழியுமுன், ஆயர்கள் கூட்டங்கூட்டமாக ஓர் ஆயர் மன்றத்திலிருந்து இன்னோர் ஆயர் மன்றத்துக்கு ஓடி அரசு அஞ்சலின் நரம்பையே அறுத்துவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் அம்மியானஸ் மார்செலினஸ், கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டான்ஷியஸின் ஆட்சியைப் பின்னாளில் குறை சொல்லும் அளவுக்கு நிலை வந்தது. 325இன் நைசியா ஆயர் மன்றத்தின் விதிகள் மாகாணத்தை அடிப்படையாகக் கொண்டு ஆயர்களை ஒழுங்குபடுத்தின. டயோசிஸ் என்ற சொல் திருச்சபையின் சட்டத்துக்குள் முக்கிய இடம் பெறுவது 381இல், கான்ஸ்டான்டிநோபிள் மன்றத்தின் இரண்டாம் விதியில். ஆயர்கள் தம் டயோசிஸுக்கு வெளியே உள்ள திருச்சபைகளில் தலையிடலாகாது என்று கூறும் அவ்விதி, எகிப்து, கிழக்கு, ஆசியா, போந்தஸ், திரேசு என்று ஐந்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இவை அப்படியே அரசின் பிரிவுகள். (எகிப்து அப்போது கிழக்கிலிருந்து பிரிந்து தனியாகியிருந்தது.)

இவ்விதியைத் தமிழாக்கும்போதுதான் மறைமாவட்டம் இழைக்கும் கேடு முழுமையாக வெளிப்படுகிறது. பொருள் திருச்சபை பற்றியதாயிற்றே, இங்கேயாவது மறைமாவட்டம் சரிதானே என்று தோன்றலாம். சரியன்று. ‘திரேசு மறைமாவட்டம்’ என்றால் திரேசுக்கு ஓர் ஆயர் என்று பொருளாகும். விதி சொல்வதோ திரேசில் உள்ள பல மாகாணங்களின் பல ஆயர்களும் சேர்ந்து திரேசின் காரியங்களை மட்டும் கவனிக்க வேண்டும் என்பது. தனி ஓர் ஆயரின் பகுதிக்கு அன்றைய கிரேக்கத்தில் ‘பரோய்கியா’ என்ற வேறு சொல் இருந்தது; இன்றைய ‘பாரிஷ்’, அதாவது தமிழ்க் கத்தோலிக்கரின் ‘பங்கு’, அதிலிருந்து வந்தது. 451இன் சால்சிடன் மன்றம், மாகாணத் தலைமை ஆயர் மீது வழக்கிருந்தால் டயோசிஸின் தலைவரிடமோ கான்ஸ்டான்டிநோபிளின் ஆசனத்திடமோ செல்லலாம் என்று விதித்தது. அங்கும் மறைமாவட்டம் என்று போட்டால், மேல்முறையீடு மேலிருந்து கீழே செல்வதாக ஆகிவிடும். மண்டலம் என்று போட்டுப் பாருங்கள். ஒரு அடிக்குறிப்பும் தேவைப்படாமல் வாக்கியம் தானே நிமிர்ந்து நிற்கும்.

விகாரியுஸுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. ஆங்கில ‘விகார்’ வழியாகப் போய், ஆப்பிரிக்காவின் விகாரியுஸைப் ‘பங்குத்தந்தை’ என்று எழுதியிருப்பதைக் கண்டேன். அச்சொல்லின் வேர், ஒருவருடைய இடத்தில் நிற்றல் என்பது. அரசரின் தலைமை நிருவாகியாகிய பிரிஃபெக்டின் இடத்தில் நின்று மண்டலத்தைப் பார்த்தவர் அவர். மேல்முறையீடுகளைக் கேட்டார், ஆளுநர்களைக் கண்காணித்தார், படையை நடத்தவில்லை. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிச் சட்டங்கள் அவருடைய அலுவலகத்துக்கு 300 பணியாளர்களை அனுமதித்தன. ‘மண்டலப் பதிலாளர்’ என்று எழுதினால் போதும். அந்தியோக்கியாவில் அமர்ந்து கிழக்கு மண்டலத்தை நடத்தி, 600 பணியாளர்களைக் கொண்டிருந்த ‘கோமெஸ்’ என்பவரைப் ‘பிரபு’ என்பதும், எல்லைப் படைத்தலைவரான ‘துக்ஸ்’ என்பவரை ‘டியூக்’ என்பதும் இதே நோயின் வேறு அறிகுறிகள். பிற்கால ஐரோப்பா அச்சொற்களுக்குத் தந்த பொருளை முற்காலத்தின் மீது ஏற்றுகிறார்கள். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் நிற்கும் தமிழ்ச் சொல்லை எடுத்து வைக்குமுன், அந்தப் பதவியில் இருந்தவர் காலையில் அலுவலகம் சென்று என்ன வேலை செய்தார் என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் இவற்றில் பெரும்பாலானவை நேரா.

அடுக்குகளையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளலாம்: புரோவின்சியாவுக்கு மாகாணம், டயோசிஸுக்கு மண்டலம், பல டயோசிஸ்களை அடக்கிய பிரிஃபெக்ச்சருக்குப் பெருமண்டலம். ஆசியா, ஆப்பிரிக்கா ஆகிய மண்டலங்களுக்குள் அதே பெயருடைய மாகாணங்களும் உண்டு. புரோகான்சல்கள் எனப்பட்ட அம்மாகாணங்களின் ஆளுநர்கள் மண்டலப் பதிலாளருக்குக் கட்டுப்படாதவர்கள். அவ்விடங்களில் ‘ஆசிய மண்டலம்’, ‘ஆசிய மாகாணம்’ என்று முழுப்பெயரையும் எழுத வேண்டும்.

காலத்தைப் பொறுத்த எல்லை ஒன்றும் உண்டு. 535ஐ ஒட்டிப் பேரரசர் ஜஸ்டினியன் ஆசியா, போந்தஸ் மண்டலங்களின் பதிலாளர் பதவிகளை எடுத்துவிட்டு, கிழக்கின் கோமெஸைச் சிரியாவின் ஒரு மாகாண ஆளுநர் நிலைக்கு இறக்கினார். மேற்கில் அதற்கு முன்பே உரோமானிய நிருவாகம் சிதைந்து, சொல் திருச்சபையிடம் மட்டும் எஞ்சியது. ஆகவே இடைக்கால மேற்கு ஐரோப்பா பற்றி எழுதுவோர் மறைமாவட்டம் என்றோ திருமண்டலம் என்றோ தம் மரபுக்கேற்பத் தயங்காமல் எழுதலாம். 5ஆம் நூற்றாண்டுக் கௌல் நாட்டு (இன்றைய பிரான்சுப் பகுதி) நூல்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே அதே சொல் சில இடங்களில் ஆயருக்குக் கீழ்ப்பட்ட நாட்டுப்புறத் திருச்சபையையும் குறிக்கிறது, அங்கே பொருந்துவது ‘பங்கு’ என்ற சொல்.