கிரியேட்டினின் நார்மல்தான், ஆனால் சிறுநீர் நுரைக்கிறதே?

ரிப்போர்ட்டை மேசையில் வைக்கும்போதே, "கிரியேட்டினின் 0.9தான் டாக்டர், கிட்னிக்கு ஒண்ணுமில்ல" என்றார் அவர். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்றும் ஒரு கழிவு. வயது 52, சர்க்கரை வந்து 11 வருடம். கூட வந்த மனைவிதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தண்ணி ஊத்தினாலும் நுரை போக மாட்டேங்குது சார்."

அவர் கொண்டுவந்த ரிப்போர்ட்டுகளில் இல்லாத ஒரு பரிசோதனையை எழுதிக் கொடுத்தேன். சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம், லேபில் 'ஏ.சி.ஆர்.' என்றால் புரியும். 30-க்குள் இருக்க வேண்டியது, அவருக்கு 640.

இரண்டு சிறுநீரகங்களிலும் சேர்த்துச் சுமார் 20 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு நீரை வடித்து, அதில் பெரும்பகுதியை ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. புரதம் பெரிய மூலக்கூறு என்பதால் இந்தச் சல்லடையைப் பெரும்பாலும் தாண்டாது. நல்ல உடம்பிலும் நாளைக்கு 150 மில்லிகிராம் வரை போகலாம், அதற்கு மேல் போகக் கூடாது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வருடக்கணக்கில் அரித்தால் சல்லடைக் கண் பெரிதாகிவிடுகிறது. கெட்டுப்போன வடிகட்டிகளின் வேலையை மற்றவை இழுத்துப் போட்டுச் செய்வதால், ஏறக்குறைய பாதித் திறன் போகும்வரை கிரியேட்டினின் ஏறாமலே இருக்கும். ஒழுகும் புரதமோ முன்கூட்டியே தெரிந்துவிடும், தேடினால்.

மாணவப் பருவத்தில் சோதனைக் குழாயில் சிறுநீரைச் சூடாக்கி, வெள்ளையாகத் திரிகிறதா என்று பார்ப்போம். முட்டை வேகும்போது வெண்கரு வெளுக்கும் அதே சங்கதி. லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட் 1827-இல் சிறுநீரக நோயைப் பற்றி எழுதிய காலத்தில் கரண்டியில் சிறுநீரை எடுத்து மெழுகுவத்தியில் காட்டினார்கள்.

நுரை கண்டதெல்லாம் நோயல்ல. வேகமாகப் போனாலும் நுரைக்கும். கழிவறையில் ஊற்றிய கிளீனராலும் நுரைக்கும். காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, சிறுநீர்த் தொற்று இருக்கும் நாட்களில் புரதம் தற்காலிகமாகக் கூடலாம். அதனால் ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு கட்ட மாட்டோம். சில மாத இடைவெளியில், காலை முதல் சிறுநீரில், மூன்று முறை பார்த்து இரண்டில் கூடியிருந்தால்தான் கணக்கு.

ஒழுக்கு நாளைக்கு 3.5 கிராமைத் தாண்டினால் கதை வேறு. ரத்தத்தில் அல்புமின் குறைந்து காலையில் இமை வீங்கும், மாலையில் காலில் விரல் வைத்தால் குழி விழும். ஈடுகட்ட முயலும் கல்லீரல் கொலஸ்ட்ராலையும் சேர்த்து உற்பத்தி செய்யும். ரத்தம் உறையாமல் காக்கும் புரதங்களும் போய்விடுவதால் கால் ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி உண்டாகி, அது நுரையீரல்வரை போய் அடைக்கலாம். எதிர்ப்புப் புரதங்கள் போவதால் தொற்று சுலபமாக வரும். இமை வீங்கிய குழந்தையைக் கண் டாக்டரிடமும் அலர்ஜி டாக்டரிடமும் அலைக்கழித்துவிட்டு வருகிறார்கள். ஒரு சிறுநீர்ப் பரிசோதனை போதும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு மருந்தில் அடங்கிவிடும், ஆனால் பலருக்குத் திரும்பத் திரும்ப வரும். கர்ப்பிணிக்கு 20 வாரத்துக்குப் பின் பிரஷரும் புரதமும் சேர்ந்து தெரிந்தால், அன்றைக்கே மருத்துவமனை.

சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை, இளவயதுப் பெண், கால் வீக்கம் என்றால் நான் கூச்சமில்லாமல் கேட்பது: "முகத்துக்கு என்னம்மா போடற?" கேரளத்தின் மலப்புறம் பகுதி மருத்துவர்கள், லேபிள் ஒழுங்காக இல்லாத சிவப்பழகு கிரீம்களில் இருந்த பாதரசம் வடிகட்டியைக் கெடுத்ததைக் கண்டுபிடித்தார்கள். கிரீமை நிறுத்தியதும் பலருக்குக் குறைந்தது. மூட்டு வலிக்கு மாதக்கணக்கில் தானாக வாங்கி விழுங்கும் மாத்திரையையும் கேட்பேன், பொட்டலத்தில் வரும் பஸ்பத்தையும் கேட்பேன்.

நம்மவருக்கு வருவோம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, புரத ஒழுக்கைக் குறைக்கும் மாத்திரை ஒன்றும் எழுதினேன். இரண்டு மாதம் கழித்து வந்தார், அளவு அப்படியே இருந்தது. விசாரித்தால், "மெடிக்கல்ல இது பிரஷர் மாத்திரைன்னாங்க. எனக்குத்தான் பிரஷரே இல்லையே?" நிறுத்தியிருக்கிறார். தப்பு என்னுடையது, முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அந்த வகை மாத்திரை வடிகட்டிக்குள் அழுத்தத்தைத் தணித்து ஒழுக்கைக் குறைக்கிறது. பிரஷர் இல்லாதவருக்கும் அதற்காகவே தருகிறோம். தொடங்கிய ஓரிரு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும், கர்ப்பிணிக்குத் தரவே கூடாது. உப்பு அதிகமானால் மாத்திரை சரியாக வேலை செய்யாது. போகிற புரதத்தை ஈடுகட்ட என்று வீட்டில் தினம் நான்கு முட்டையும் புரோட்டீன் பவுடரும் கொடுத்திருந்தார்கள், அதையும் நிறுத்தச் சொன்னேன். ஒழுகுகிற குடத்தில் இன்னும் ஊற்றுவது போலத்தான் அது.

ஆறு மாதத்தில் 640 என்பது 210 ஆனது. "நுரை குறைஞ்சிருக்கு சார்" என்றார் மனைவி. "ஆனா அப்பளம் எங்கேன்னு தினம் சண்டை."