பட்டுப்புடவையைக் கெடுப்பது பீரோதான்

பழைய பட்டுப்புடவைகளுக்கு இழை ஓட்டிப் பழுது பார்ப்பது என் தொழில். கிழிந்த புடவையைக் கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: "கட்டவே இல்லைங்க. அம்மா போனதுலேர்ந்து பீரோவுலதான் பத்திரமா இருந்துது." கல்யாணம், வளைகாப்பு, பொங்கல் என்று வருடா வருடம் கட்டி, வியர்த்து, நிழலில் உலர்த்தி மடித்த புடவை ஓரளவு தெம்பாகவே வந்து சேரும். முகூர்த்தத்துக்கு ஒரே ஒரு முறை கட்டிவிட்டு, பாலித்தீன் கவரில் போட்டு, இரண்டு அந்துருண்டையையும் சேர்த்து அலமாரியின் அடித்தட்டில் திணித்த புடவைதான் பிரிக்கும்போதே மடிப்புக்கு மடிப்பு விட்டுக்கொண்டு வரும்.

மடிப்பு ஏன் விடுகிறது என்பதற்கு ஜரிகையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அசல் காஞ்சிபுரம் ஜரிகையின் நடுவில் இருப்பது பட்டு நூல், பெரும்பாலும் சிவப்புச் சாயம் ஏற்றியது. தட்டையாக அடித்த வெள்ளிக் கம்பியை அதன்மேல் நெருக்கமாகச் சுற்றி, கடைசியில் தங்க முலாம் பூசுவார்கள். தங்கம் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான், அதிகம் இருப்பது வெள்ளி. பட்டு வளைந்து கொடுக்கும். வெள்ளித் தகடு ஒரே இடத்தில் வருடக்கணக்கில் மடங்கிக் கிடந்தால் அங்கே வெடித்துவிடும். வெடித்த விளிம்பு பக்கத்துப் பட்டு இழையை அறுக்கும். புடவையை உதறிப் பிரிக்கும்போது அந்தக் கோட்டிலேயே நீளமாகக் கிழிகிறது. அடுக்கில் பத்துப் புடவை இருந்தால் அடியில் இருப்பதன் மேல் மற்ற ஒன்பதின் பாரமும் விழும். அகல ஜரிகை போட்ட கனமான புடவை எதுவோ அதைத்தான் நம் வீடுகளில் அடியில் வைக்கிறார்கள், நியாயமாகப் பார்த்தால் அது மேலே இருக்க வேண்டும்.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை பிரித்து வேறு விதமாக மடியுங்கள் என்று எல்லோரும் சொல்வதுதான், நானும் சொல்கிறேன். பழைய கோட்டிலேயே மடிப்பதுதான் கைப்பழக்கம். அதனால் இந்த முறை நான்காக என்றால் அடுத்த முறை மூன்றாக, ஒரு முறை ஜரிகை உள்ளே, மறுமுறை வெளியே என்று ஏதாவது கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் நன்றாகத் துவைத்த பழைய வேட்டித் துணியைச் சுருட்டி வைத்தால் மடிப்பு கூர்மையாக விழாது. இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ரொம்பப் பழைய புடவை, தொட்டாலே நைகிறது என்றால் மடிக்கவே வேண்டாம். துணிக்கடையில் பீஸ் துணி சுற்றி வரும் அட்டைக் குழாயைக் கேட்டு வாங்கி, அதன்மேல் காடாத் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி, பிறகு புடவையைத் தளர்வாகச் சுருட்டுங்கள். அருங்காட்சியகங்களில் நீளமான துணிகளைச் சுருட்டித்தான் வைக்கிறார்கள்.

ஹேங்கரும் ஆகாது. கோர்வை போட்ட, அதாவது உடலுக்கும் பார்டருக்கும் தனித்தனி நூல் ஓட்டி, சேரும் இடத்தில் இழைகளைக் கோத்து நெய்த புடவையில் கனத்த பார்டர் கீழே தொங்க, உடல் பட்டு மட்டும் எடையைத் தாங்கும். கோர்வை விடாது, அதை ஒட்டி மேலே இருக்கும் உடல்தான் விடும். இரும்பு ஹேங்கர் என்றால் துருவும் சேர்ந்துகொள்ளும். மழைக்காலத்தில் பட்ட துருக்கறையைப் பட்டிலிருந்து முழுசாக எடுப்பது நடக்காத காரியம்.

அந்துருண்டைக்கு வருவோம். சில ஊர்களில் பாச்சை உருண்டை என்பார்கள். நாப்தலின் ஆவி அடைபட்ட இடத்தில் தேங்கினால்தான் பூச்சியைக் கொல்லும். அடிக்கடி திறக்கிற பீரோவில் அது வாடை வீசுவதோடு சரி. கடையில் கிடைக்கும் உருண்டைகளில் இரண்டு வகை ரசாயனம் உண்டு. இரண்டையும் கலந்து வைத்தால் உருகி ஒழுகித் துணியில் எண்ணெய்க் கறை மாதிரி இறங்கும். இதெல்லாம் துணிக்கு வரும் கேடு. இதைவிடப் பெரிய விஷயம் குழந்தை சம்பந்தப்பட்டது. பாட்டியின் புடவை மெத்தென்று இருக்கிறது என்று எடுத்துத் தூளி கட்டுவதும், பிறந்த குழந்தையைச் சுற்றிக் கையில் வாங்குவதும் நம் வழக்கம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாப்தலின் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாக வரும், மூளை வரைக்கும் பாதிக்கலாம். பிறந்ததும் எல்லாக் குழந்தைக்கும் இந்தப் பரிசோதனை நடப்பதில்லை. அதனால் அந்துருண்டை வாடை அடிக்கும் துணி எதையும் கைக்குழந்தை பக்கம் கொண்டுபோகாதீர்கள். துவைக்க முடியாத பட்டை வெறுமனே காற்றாட வைத்துவிட்டுத் தூளியாக்குவதும் வேண்டாம்.

வேறு என்ன வைக்கலாம்? வசம்பு, கிராம்பு, காய்ந்த வேப்பிலை எதுவானாலும் சின்னத் துணி முடிச்சில் கட்டி அலமாரி ஓரத்தில் வையுங்கள், துணிமேல் படக்கூடாது. ஈரம் காயாத வேப்பிலையைப் புடவை மடிப்பில் வைத்துப் பச்சைக் கறையோடு கொண்டுவந்தவர்கள் உண்டு. இவை பூச்சியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தும், ஏற்கெனவே இருக்கிற புழுவைக் கொல்லாது. அந்துப்பூச்சியில் துணியைத் தின்பது பறக்கிற பூச்சி இல்லை, அதன் புழு. பட்டும் கம்பளியும் அதற்கு உணவு. வியர்வையும் சாம்பார்த் துளியும் பட்ட இடம் என்றால் அங்கேதான் முதலில் வாய் வைக்கும். ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி பிடிக்கும். இதனால்தான் ரோல் பாலிஷ் போட்டு விறைப்பாக்கிய புடவையை அப்படியே உள்ளே வைக்காதீர்கள் என்கிறேன். பாலிஷ் போடுவதென்றால் கட்டுவதற்கு முந்தின வாரம் போடுங்கள்.

புழு விழுந்தது உறுதியானால் அருங்காட்சியகங்கள் செய்வதையே வீட்டிலும் செய்து பார்க்கலாம். காய்ந்த புடவையைக் காடாத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றி இறுக்கமாக மூடி, மைனஸ் 18 டிகிரி வரை போகும் டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்கக்கூடாது. பிரித்தால் குளிர்ந்த துணியில் நீர் கோத்துக்கொள்ளும். சின்ன ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் அந்தக் குளிர் நிலையாக நிற்பது சந்தேகம்தான்.

கடற்கரை ஊர்களில் பூச்சியைவிடப் பூஞ்சணம் பெரிய தொல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பிளாஸ்டிக் கவருக்குள் அடைபட்ட ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே புழுங்கும். கவரைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காடாத் துணியில் பை தைத்துக்கொள்ளுங்கள், தைக்கும் முன் துணியை வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சியைப் போக்கிவிடுங்கள். புடவைகளை வெளியே எடுத்துக் காற்றாட விடத் தை, மாசிதான் நல்ல மாதங்கள். வெயிலில் போட வேண்டாம். வெயில் பட்டுக்கு எதிரி, நிறம் மட்டும் போவதில்லை, இழையே பலமிழக்கிறது. கட்டில்மேல் சுத்தமான பெட்ஷீட்டை விரித்து, மின்விசிறிக் காற்றில் அரை நாள் போட்டால் போதும்.

ஜரிகை கறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கந்தகம். செய்தித்தாளில் சுற்றுவது, ரப்பர் பேண்டு போடுவது, கம்பளி ஸ்வெட்டரோடு சேர்த்து வைப்பது மூன்றுமே வெள்ளிக்கு ஆகாது. புளி போட்டும் எலுமிச்சை தேய்த்தும் ஜரிகையைப் பளபளப்பாக்கும் வீடியோக்களை நம்பாதீர்கள். குத்துவிளக்குக்குச் சரி, முலாம் பூசிய ஜரிகையில் முலாம்தான் முதலில் போகும். துவைப்பதைப் பற்றி ஒன்றே ஒன்று: கறை நீக்கும் நொதி சேர்த்த சோப்புத்தூளில் பட்டைப் போடாதீர்கள். அந்த நொதி புரதத்தைக் கரைப்பதற்காகவே சேர்க்கப்பட்டது, பட்டும் புரதம்தான். அக்குளில் தெளிக்கும் ஸ்ப்ரேயும் பட்டுக்கு ஆகாது. புடவை கட்டுவதற்கு முன்பே அடித்து, காய்ந்த பிறகு கட்டுங்கள்.

சரி, கிழிந்துவிட்டது, என்ன செய்வது? முதலில் என்ன செய்யக்கூடாது என்று சொல்கிறேன். பசை தடவாதீர்கள். இஸ்திரிப் பெட்டியால் ஒட்டுகிற ஃப்யூசிங் துணி வைக்காதீர்கள், அது விறைத்துப்போய் ஓரத்தில் புதுக் கிழிசலை உண்டாக்கும், பிரித்தெடுக்கவும் முடியாது. மெஷின் தையல் வேண்டவே வேண்டாம். இற்றுப்போன பட்டில் வரிசையாக விழும் ஊசித் துளைகள் தபால் தலையின் ஓரம் மாதிரிதான், இழுத்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும்.

இழை மட்டும் இழுபட்டு வளையமாக நின்றால் வெட்டிவிடாதீர்கள். மெல்லிய ஊசியின் முனையால் அந்த வளையத்தைப் பின்பக்கம் தள்ளி, இரண்டு பக்கமும் துணியை லேசாக நீவிவிட்டால் பாதி தானாகவே உள்ளே போகும். மீதி பின்புறமே இருந்துவிட்டுப் போகட்டும்.

கையகலக் கிழிசல் என்றால் நான் இப்படித்தான் செய்கிறேன். நூல் வெளியே தேடுவதில்லை. புடவையின் உள்முனை, இடுப்பில் செருகும் பக்கம், ஜரிகையில்லாமல் இருக்கும் அந்த ஓரத்திலிருந்தே ஊடு இழைகளை, அதாவது அகலவாக்கில் ஓடும் இழைகளை, ஒவ்வொன்றாக உருவி எடுப்பேன். அதே சாயம், அதே வயது. வெளிச்சம் படாத இடம் என்பதால் ஒரு சாயல் அழுத்தமாக இருக்கும், ஆனால் எந்தக் கடை நூலும் இவ்வளவு பக்கத்தில் வராது. 12ஆம் எண் கைஊசி வேண்டும். எண் கூடக் கூட ஊசி மெலியும். கிழிசலுக்கு அடியில் அதே நிறம் ஏற்றிய மெல்லிய பட்டுத் துண்டை வைத்து, கிழிந்த விளிம்புகளை இழுக்காமல் பக்கத்தில் கொண்டுவந்து, ஊடு போகும் திசையிலேயே இழைகளைப் படுக்க வைத்து, குறுக்கே பொடிப்பொடித் தையலால் பிடிக்க வேண்டும். இழைகள் எல்லாம் ஒரே கோட்டில் முடியக்கூடாது. ஒன்று அரை அங்குலம் தள்ளி, அடுத்தது முக்கால் அங்குலம் என்று ஏறி இறங்கி, நல்ல துணிக்குள் போய் முடிந்தால்தான் இழுவிசை பரவும். இழையை இறுக்கவும் கூடாது. தைக்கிற நூல் துணியைவிடப் பலவீனமாக இருக்க வேண்டும், பாரம் விழுந்தால் நூல் அறட்டும், துணி பிழைக்கட்டும்.

பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்கிற வேலை இது. ஊசி இரண்டு இழைக்கு நடுவே போகிறதா, இழையைத் துளைத்துப் போகிறதா என்பது கொஞ்ச நாளில் விரலுக்கே தெரிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் இரண்டு அங்குலம் நகர்ந்தால் அதிகம். அதில் கிடைக்கிற நிம்மதிக்காகவே சிலர் இந்த வேலைக்கு வருகிறார்கள், கூலியைப் பார்த்து யாரும் வர மாட்டார்கள். வடக்கே உத்தரப்பிரதேசத்தின் நஜிபாபாத்தில் தலைமுறை தலைமுறையாகக் காஷ்மீர் சால்வைகளுக்கு ரஃபூ போடுகிற, அதாவது இழை ஓட்டிப் பழுது பார்க்கிற குடும்பங்கள் இருக்கின்றன. நம் ஊரில் நெய்கிறவர்களுக்குக் கிடைத்த பேரில் பத்தில் ஒரு பங்குகூட, நெய்ததைக் காப்பாற்றுகிறவர்களுக்குக் கிடைத்ததில்லை.

வீட்டில் பழகிப் பார்க்க ஆசையிருந்தால் பாட்டியின் கல்யாணப் புடவையில் ஆரம்பிக்காதீர்கள். கிழிந்த பருத்திச் சுங்குடியில், செட்டிநாட்டுக் கண்டாங்கியில் ஆரம்பியுங்கள். பருத்தி பொறுத்துக்கொள்ளும், இழையும் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம், 'பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்' என்று பலகை மாட்டியிருக்கிற கடைகள். ஒரு காலத்தில் வாசலுக்கே வந்து எவர்சில்வர் அண்டா கொடுத்து வாங்கிப் போனார்கள். வாங்கியதை எரித்து வெள்ளியை உருக்கினார்கள், பட்டு சாம்பலாகப் போனது. விற்பது உங்கள் விருப்பம், நான் குறை சொல்லவில்லை. விற்கும் முன் இரண்டைப் பாருங்கள். உள்முனையில் பிசிறு நிற்கும் ஜரிகை இழை ஒன்றை நகத்தால் சுரண்டினால் நடுவில் சிவப்புப் பட்டு தெரிகிறதா, செப்புக் கம்பியும் பாலியஸ்டர் நூலும் தெரிகிறதா என்று ஓரளவு புரியும். சிவப்பு நூல் வைத்த போலியும் உண்டு, ஆகவே அதையே முடிவாகக் கொள்ள வேண்டாம். வெள்ளி எவ்வளவு என்று தெரிய எரித்தாக வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நகைக்கடைகளில் தங்கம் பார்க்கிற எக்ஸ்-கதிர் கருவி ஜரிகையையும் எரிக்காமல் பார்த்துச் சொல்லும். இரண்டாவது, அந்தப் புடவை கோர்வையா என்று பாருங்கள். பார்டரும் உடலும் சேரும் இடத்தில் பல்பல்லாக இழைகள் கோத்திருந்தால், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மூன்றாவது நாடாவை (தறியில் ஊடு நூலை ஓட்டும் கட்டை) தள்ளிக்கொடுக்க, இரண்டு பேர் சேர்ந்து நெய்தது அது. இன்று அப்படி நெய்து வாங்க வேண்டுமானால் எவ்வளவு ஆகும் என்று காஞ்சிபுரத்தில் ஒரு நடை விசாரித்துவிட்டு, பிறகு எடைபோடக் கொடுங்கள்.

உடல் முழுக்க இற்று, எந்த ஊசியும் தாங்காது என்ற நிலைக்கு வந்த புடவைகளும் உண்டு. அவற்றை வெட்டத்தான் வேண்டும், பாவாடைக்குப் பார்டராகவோ சட்டம் போட்ட படமாகவோ. அப்போதும் பார்டரைக் கோர்வையை ஒட்டி வெட்டாதீர்கள், உடல் துணி இரண்டு அங்குலமாவது சேர்ந்திருக்கட்டும். முந்தானையை எடுத்தால் பேட்னி போட்டு, அதாவது முந்தானை இழைகளை உடல் இழைகளோடு ஒவ்வொன்றாக இணைத்த இடத்தோடு எடுங்கள். சட்டம் போடுவதென்றால் பட்டு கண்ணாடியில் ஒட்டாமல் இடைவெளி விட்டு மாட்டச் சொல்லுங்கள். வெயில் விழாத சுவராகப் பாருங்கள்; அருங்காட்சியகங்களில் துணிகளுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் காட்ட மாட்டார்கள், அது நம் வரவேற்பறை விளக்கைவிடக் குறைவு. யாருடைய புடவை, எந்த வருடம், எந்த ஊரில் எடுத்தது என்பதைப் பருத்தி நாடாவில் பென்சிலால் எழுதிச் சட்டத்தின் பின்புறம் தைத்துவிடுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அதன் மை பட்டில் ஊறும்.