மைக்ரோ அட்வென்ச்சர்: சாகசமா, சிற்றுலாவா, குறுஞ்செலவா?

லீவு போடாமல், காசு பெரிதாகக் கரையாமல், வீட்டுக்குப் பக்கத்திலேயே, வழக்கமான நாளிலிருந்து கொஞ்சம் விலகி இதுவரை செய்யாத ஒன்றைச் செய்துவிட்டு வருவதற்கு மைக்ரோ அட்வென்ச்சர் என்று பெயர். இந்தச் சொல் இப்போது அங்கங்கே காதில் விழுகிறது. இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று ஒரு நண்பர் கேட்டார். "குறுஞ்சாகசம்" என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன மறுநிமிடமே அது தப்பு என்று பட்டது.

முதலில் சொல் வந்த கதை. இதைப் பரவலாக்கியவர் அலஸ்டர் ஹம்ஃப்ரீஸ் என்ற பிரிட்டிஷ்காரர். 2001 முதல் 2005 வரை சைக்கிளிலேயே உலகைச் சுற்றியவர். 60 நாடுகள், சுமார் 74,000 கிலோமீட்டர். அப்படிப்பட்டவர் பின்னாளில் ஒரு குளிர்காலத்தில் எம்25 சாலையை ஒட்டியே நடந்து லண்டனைச் சுற்றி வந்தார். எம்25 என்பது லண்டனை வளைத்துப் போகும் 188 கிலோமீட்டர் நெடுஞ்சாலை. அந்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் நெரிசல்தான் ஞாபகம் வரும். ஆசையாகப் போய்ப் பார்க்கிற இடமே இல்லை. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார். நாலு வருஷம் எல்லாராலும் ஒதுக்க முடியாது, ஒரு சாயங்காலத்தை ஒதுக்கலாம் என்பது அவர் கணக்கு. வேலை காலை 9 முதல் மாலை 5 வரை என்றால், மாலை 5 முதல் மறுநாள் காலை 9 வரை 16 மணி நேரம் கையில் இருக்கிறது. ஆள் உள்ளே நுழைந்து படுக்கிற மாதிரி நீர்புகாத பை ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்துக் குன்றில் ஏறு, அங்கேயே தூங்கு, விடிந்ததும் ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போ என்கிறார்.

இதை அப்படியே நாம் செய்ய முடியாது. இங்கிலாந்திலேயே பொதுவாக நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் வெளியில் இரவு தங்கக்கூடாது. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தந்திருக்கிறது. நம் பக்கம் காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைந்தாலே வழக்குதான். ஆகவே குன்றையும் பையையும் அங்கேயே விட்டுவிட்டுச் சொல்லுக்கு வருவோம்.

மைக்ரோ என்பது கிரேக்கத்திலிருந்து வந்தது. சிறியது என்று பொருள். தமிழில் இதற்கு இரண்டு பழக்கம் இருக்கிறது. அறிவியல்காரர்கள் 'நுண்' என்பார்கள்: நுண்ணுயிர், நுண்ணோக்கி. அரசாங்கம் 'குறு' என்கிறது: குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில்கள். நுண் என்றால் கண்ணுக்கே தெரியாத அளவு. மொட்டைமாடியில் போய்ப் படுப்பது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை, ஆகவே குறு போதும்.

அட்வென்ச்சர்தான் சுவாரசியமான ஆள். லத்தீனில் வந்துசேர்தல் என்ற வினையிலிருந்து கிளைத்த சொல். 'வரப்போவது' என்பதுதான் மூலப் பொருள். பழைய பிரெஞ்சில் 'அவான்த்யூர்' என்றால் தற்செயல், விதி, வாய்த்தது. அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனபோதும் முதலில் இதே பொருள்தான். ஆபத்து, துணிச்சல் எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. சொல்லின் முன்பகுதி உதிர்ந்து 'வென்ச்சர்' என்றாகிப் பணம் போடுகிற தொழிலுக்கும் அது பெயரானது. லண்டனில் 1407-இல் அரசப் பட்டயம் பெற்ற வணிகர் கூட்டத்தின் பெயரிலேயே அட்வென்ச்சரர் இருந்தது. கப்பலில் துணி ஏற்றி அனுப்பிவிட்டு, வருவது வரட்டும் என்று காத்திருந்தவர்கள். ஜெர்மானியர்கள் இப்போது 'மிக்ரோஆபென்டாயர்' என்கிறார்களே, அந்த ஆபென்டாயரும் இதே பிரெஞ்சுச் சொல்லின் பேரன்தான்.

இதற்கு நாம் வழக்கமாகப் போடுகிற சாகசம் வடசொல். சஹஸ் என்றால் வலிமை, பலாத்காரம். தர்ம சாஸ்திரங்களில் 'சாஹசம்' என்பது ஒரு குற்ற வகை: வழிப்பறி மாதிரி வலுக்கட்டாயமாகச் செய்பவை. தமிழுக்கு வந்து வீரச்செயல் ஆனது. இன்னொரு பக்கம் பாசாங்கு, தளுக்கு என்ற பொருளும் சேர்ந்தது. சாகசக்காரி என்றால் எந்தப் பாட்டியும் மலை ஏறுகிற பெண்ணை நினைக்கமாட்டார். சரி, தனித்தமிழில் 'துணிகரம்' இருக்கிறதே என்றால், அதை நாளிதழ்கள் எப்போதோ கெடுத்துவிட்டன. "பட்டப்பகலில் துணிகரம்" என்று படித்தாலே பீரோ உடைந்திருக்கும். சமஸ்கிருதச் சொல் குற்றத்திலிருந்து வீரத்துக்கு வந்தது, நம் சொல் வீரத்திலிருந்து கொள்ளைக்குப் போய்விட்டது.

ஆனால் துணி என்ற வேரை விட்டுப்போக மனம் வரவில்லை. துணிதல் என்றால் அறுபடுதல்; துணித்தல், வெட்டுதல். தறியிலிருந்து வெட்டியெடுப்பது துணி. அதே சொல்லுக்கு முடிவெடுத்தல் என்றும் பொருள். 'எண்ணித் துணிக கருமம்' என்ற குறளில் வருவது அதுதான். தயக்கத்தை வெட்டுவது. ஆங்கில 'டிசைட்' என்ற சொல்லின் லத்தீன் வேரும் வெட்டுதல்தான்.

இந்த இடத்தில்தான் 'செலவு' ஞாபகம் வந்தது. இன்றைக்குச் செலவு என்றால் பணம். சங்க இலக்கியத்தில் செலவு என்றால் பயணம், செல்வது செலவு. பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் தலைவியின் முகத்தைப் பார்த்துப் பயணத்தைத் தள்ளிப்போடுவதைச் 'செலவழுங்குதல்' என்பார்கள். பாலைத்திணையில் இது அடிக்கடி வரும். தொல்காப்பியர் இதற்கு ஒரு சமாதானமும் சொல்கிறார்: போகாமல் விட்டுவிடுவதாக அர்த்தம் இல்லையாம், அவளைத் தேற்றுவதற்காகக் கொஞ்சம் தங்குகிறானாம். (ஞாயிற்றுக்கிழமை காலையில் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பப் படுக்கிறவர்கள் இதைத் தாராளமாக மேற்கோள் காட்டலாம்.) பிறகு பணமும் கையைவிட்டுச் செல்கிறதால் அதற்கும் செலவு என்றே பெயர் வந்தது. செல்லாத நோட்டு என்கிறோமே, அதுவும் இந்தச் செல்தான்.

இரண்டு அர்த்தத்தையும் சேர்த்துப் பாருங்கள். குறுஞ்செய்தி மாதிரி, 'குறுஞ்செலவு': சின்னப் பயணம், சின்னச் செலவு, ஒரே சொல்லில். ஆங்கிலத்தில்கூட இந்தச் சிக்கனம் இல்லை. அட்வென்ச்சரின் வேர் வரவு, நம் சொல்லின் வேர் செலவு என்பது இன்னொரு வேடிக்கை.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் சொல்லைச் சோதித்தும் பார்த்தேன். சென்னை புறநகர் மின்சார ரயிலில் போகிற எல்லாரும் பார்த்திருப்பார்கள், சில வண்டிகளில் 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்' என்று போட்டிருக்கும். அந்தக் கிளைப் பாதைக்குள் எனக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை. வில்லிவாக்கத்தில் 5 ரூபாய் டிக்கெட் எடுத்து அதில் ஏறினேன். ஆவடியில் பாதிப் பெட்டி காலி. பிறகு அரக்கோணம் போகிற தண்டவாளத்தை விட்டு வண்டி மெதுவாக விலகியபோது, எத்தனையோ தடவை நேராகப் போன இடத்தில் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவ்வளவுதான் சாகசம். எதிர் சீட்டில் காலி டிபன் பாக்ஸோடு இருந்த அம்மா, "கடைசி ஸ்டேஷன் தம்பி, எறங்கு" என்றார். ராணுவப் பெயர் கொண்ட இடம் என்பதால் போனை வெளியே எடுக்கவில்லை. டீ குடித்தேன், 15 ரூபாய். திரும்ப 5.

வீட்டில் கணக்கு நோட்டு ஒன்று உண்டு. அதில் "குறுஞ்செலவு: 25" என்று எழுதிவைத்தேன். ராத்திரி அதைப் பார்த்த மனைவி, "இதென்ன குறுஞ்செலவு? சில்லறைச் செலவுன்னு எழுத வேண்டியதுதானே?" என்றாள்.

ஆக, அந்தச் சொல் எழுத்துக்குத்தான். புழக்கத்துக்கு நான் சொல்வது 'சிற்றுலா'. சிற்றுண்டி, சிற்றுந்து, சிற்றுலா. சிறு, உலாவோடு சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். சுற்றுலாவுக்கும் இதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம், கேட்டதும் புரியும். துணிச்சல் வாடை இதில் குறைவு என்பது உண்மை. நண்பருக்கு அதையே அனுப்பினேன். "சுற்றுலான்னு தப்பா அடிச்சிட்டீங்க" என்று பதில் வந்தது.