நந்தியாவட்டையில் இருப்பது பாம்புக்குட்டி இல்லை

போன மழைக்காலத்தில் நங்கநல்லூரிலிருந்து ஒரு மாமி காலை ஆறரை மணிக்கு போன் செய்தார். "பூ பறிக்கப் போனேன்ப்பா. நந்தியாவட்டையில பச்சையா ஒண்ணு, ரெண்டு நீலக் கண்ணோட என்னையே பார்க்கறது. பாம்புக்குட்டியா இருக்குமோ?" வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொன்னேன். படத்தில் கால்வாசி மாமியின் கட்டைவிரல். மீதியில் நான் எதிர்பார்த்த ஆள்தான்: அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு.

சென்னையில் வீட்டுத் தோட்டங்களைப் பராமரிப்பது என் தொழில். மழை பிடித்துவிட்டால் இந்த மாதிரிப் படங்கள் வந்துகொண்டே இருக்கும். கூடவே "என்ன மருந்து அடிக்கலாம்?" என்ற கேள்வியும் வரும். ஒன்றும் அடிக்க வேண்டாம் என்பேன்.

அந்த நீலக் கண்கள் கண்களே இல்லை. தலைக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் இரண்டு வட்டங்கள், அவ்வளவுதான். சீண்டினால் புழு நிஜத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு முன்னுடம்பை உப்பிக் காட்டும். வட்டங்கள் விரிந்து முறைப்பது போலத் தெரியும். குருவி பயப்படட்டும் என்பதற்கான வேஷம், மாமியும் பயந்துவிட்டார். பின்பக்கம் இருக்கும் குட்டை மஞ்சள் கொம்பும் கொட்டாது. உடம்பில் அரிக்கும் மயிர் கிடையாது.

தாய்ப்பூச்சி வெளிர்பச்சை முட்டைகளை இளம் இலைகளில் தனித்தனியாக இடும். சில நாளில் பொரியும் பிஞ்சுப் புழுவுக்கு உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் மெல்லிய கறுப்புக் கொம்பு இருக்கும். நான்கு முறை தோலுரித்து விரல் நீளத்துக்கு மேல் வளரும். நந்தியாவட்டை, அரளி, நித்தியகல்யாணி, ஏழிலைப்பாலை எல்லாம் அதற்குச் சாப்பாடு. அரளிப் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. ஆடு மாடுகூட ஒதுங்கும் இலையை இது வெளுத்துக்கட்டும். (அரளியைக் கவாத்து செய்தால் நீங்கள் கை கழுவ மறக்காதீர்கள்.) செடியில் புழுவைத் தேடினால் சுலபத்தில் கிடைக்காது, இலையோடு இலையாக இருக்கும். தரையைப் பாருங்கள். மிளகு போலப் புழுக்கை கிடந்தால் நேர் மேலே ஆள் இருக்கிறார்.

தின்று முடித்ததும் பச்சை மாறிப் பழுப்பாகி, செடியைவிட்டு இறங்கி நடக்கத் தொடங்கும். வராந்தாவில் துடைப்பத்தால் அடிபட்டுச் சாவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். தப்பித்தால் சருகுக்கடியில் கூட்டுப்புழுவாகி, நம் ஊர் வெயிலுக்குச் சுமார் இரண்டு வாரத்தில் பூச்சியாக வெளிவரும். பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்பு கலந்த ராணுவச் சட்டை போன்ற இறக்கை. விரித்தால் சுமார் பத்து சென்டிமீட்டர். அந்திக்குப் பிறகு பூ முன்னால் அந்தரத்தில் நின்றபடியே நீளமான உறிஞ்சுகுழலால் தேன் குடிக்கும். நம் தெருக்களில் இரவில் மணக்கும் மரமல்லிப் பூக்களுக்கு மகரந்தம் சேர்ப்பதும் இந்தக் குடும்பத்துப் பூச்சிகள்தான்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு நந்தியாவட்டைக்கு மருந்து அடித்தவன்தான். மறுநாள் போனால் அந்த வீட்டுப் பாட்டி, குளிர்ச்சிக்கென்று அதே செடியின் பூவை மூடிய கண்மேல் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். ஓடிப்போய் எடுத்துப் போட்டேன். அன்றோடு விட்டேன். மொட்டையான கிளை எப்படியும் மழையில் துளிர்த்துவிடும்.

சரி, முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி? அது வேறு கதை. அதுவும் ஓர் அந்துப்பூச்சியின் புழுதான், ஆனால் அதன் மயிர் பட்டால் அரிப்பு, தடிப்பு. மழைக்குப் பிறகு அடிமரத்தில் போர்வை போல ஒட்டிக் கிடக்கும். பந்தம் காட்டிக் கொளுத்துவது கிராமத்து வழக்கம். அடுக்குமாடியில் அந்த மரத்தடியில்தான் எல்லார் பைக்கும் நிற்கும். காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் மயிர் காற்றில் பறக்கும், செத்த புழுவின் மயிரும் அரிக்கும். முழுக்கைச் சட்டை, கண்ணாடி போட்டுக்கொண்டு, கூட்டமாக இருக்கும்போதே மீன் எண்ணெய் ரோசின் சோப் என்ற பூச்சி மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கரைத்து அந்த இடத்தில் மட்டும் தெளியுங்கள். ஈரத்தோடு சுரண்டி எடுத்துப் புதையுங்கள். மயிர் மேலே பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். விபூதி பூசினாலும் மயிர் உள்ளேயேதான் இருக்கும். செலோடேப்பை ஒட்டி உரித்தால் மயிர் அதோடு வரும், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவலாம். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிவிட்டு நேராக மருத்துவரிடம் போய்விடுங்கள். முருங்கையை வெட்டுவதற்கு முன் என்னைக் கூப்பிடுங்கள்.

மாமி பத்து நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். "உன் ஆளைக் காணோம்ப்பா, காக்கா கொத்திண்டு போயிடுத்தோ?" கடைசியாகப் பார்த்தபோது என்ன நிறம் என்று கேட்டேன். காப்பிப்பொடி நிறமாம். இரண்டு வாரத்துக்கு அந்தத் தொட்டிச் சருகைக் கிளறாதீர்கள் என்றேன்.