நிறை நிறமாலையில் நிறம் எங்கே?

கருவிவழிப் பகுப்பாய்வு பற்றிய அறிமுகப் பாடங்களில் 'நிறை நிறமாலை' என்று ஒன்று வந்து நிற்கிறது. மூலக்கூறுகளை நிறைப்படி பிரித்துக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரத்துக்கு வைத்த பெயராம். நாக்கும் இடறுகிறது, பொருளும் இடறுகிறது.

ஸ்பெக்ட்ரம் லத்தீன் சொல். 'தோற்றம்' என்று பொருள், ஆவித்தோற்றத்தையும் குறித்தது. முப்பட்டகத்தில் பிரிந்த வெயிலின் நிறங்களுக்கு 1672-இல் நியூட்டன் அதைப் பயன்படுத்தினார். அந்த இடத்தில் 'நிறமாலை' அழகான சொல்தான்.

சிக்கல் அப்புறம் வருகிறது. 1800-இல் வானியலாளர் ஹெர்ஷல், சிவப்புக்கு வெளியே கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கேயும் சூடு ஏறியது. நிறமே இல்லாத இடத்தில் கண்டுபிடித்ததற்குப் பெயர் 'அகச்சிவப்பு நிறமாலை'! சரி, அதுவும் ஒளியின் பங்காளிதான் என்று விட்டுவிடலாம். மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் ஒளிக்கே வேலையில்லை. மூலக்கூறுகளை மின்னூட்டம் கொண்ட அயனிகளாக்கி, நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதப்படி பிரித்து எண்ணுகிறது கருவி. குளோரோமீத்தேன் வாயுவைக் கொடுத்தால் அந்த விகிதம் 50-இல் நெட்டையாக ஒரு கோடு, 52-இல் அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இன்னொன்று. முதலாவது இலேசான குளோரின் அணுவான குளோரின்-35 உள்ள மூலக்கூறு, அடுத்தது கனமான குளோரின்-37 உள்ளது. இதில் எந்த நிறத்தை மாலையாகக் கோர்த்தார்கள்?

1919-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஆஸ்டன் செய்த மாஸ் ஸ்பெக்ட்ரக் கருவியில் அயனிகள் ஒளிப்படத் தகட்டில் கோடு கோடாக விழுந்தன. பார்வைக்கு ஒளியின் ஸ்பெக்ட்ரம் போலவே இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. லத்தீன் சொல்லுக்குள் நிறம் இல்லை, அதனால் எங்கே வேண்டுமானாலும் நீண்டது. நாமோ நிறத்தை உள்ளே வைத்துத் தைத்துவிட்டோம். 'அலைமாலை' என்பாரும் உண்டு. அகச்சிவப்புக்குப் பொருந்தும்; அயனிகளை எண்ணும் கருவியிடம் அலையைத் தேடுவது வீண்.

என் தேர்வு 'நிரல்'. வரிசை, ஒழுங்கு என்று பொருள். கருவி செய்வதும் வரிசைப்படுத்துவதுதான். அகச்சிவப்பு நிரல், நிறை நிரல். கணினி நிரலோடும் கணிதத்தில் வரும் அணிக்கோவையின் நிரலோடும் குழம்பாதா என்று கேட்பார்கள். மாலை என்றால் பொழுதும் பூமாலையும்தான், யார் குழம்பினார்கள்? 'நிறை நிரல்' என்றதும் செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறையான பொருள்கோளில் வரும் நிரல்நிறை நினைவுக்கு வந்து சிரிப்பு வருவது உண்மைதான், சிரித்துவிட்டுப் போகலாம்.

தொலைத்தொடர்புக்கு ஸ்பெக்ட்ரத்தை ஏலம் விட்டபோது பத்திரிகைக்காரர்கள் 'நிறமாலை ஏலம்' என்று எழுதவில்லை, பொருள் பார்த்து 'அலைக்கற்றை' என்றார்கள். அவசரத்தில் எழுதும் அவர்களுக்குத் தோன்றியது, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காரும் அறிவியல் மொழிபெயர்ப்பாளருக்கு ஏன் தோன்றவில்லை? ஸ்பெக்ட்ரம் என்றால் நிறமாலை என்று ஒருமுறை பார்த்தாயிற்று, கண்ட இடமெல்லாம் போட வேண்டியதுதான். 'நிரல்' பிடிக்காவிட்டால் மாஸ் ஸ்பெக்ட்ரம் என்றே எழுதுங்கள். இல்லாத நிறத்தைப் படிப்பவர் தேட வேண்டியிருக்காது.