விரலால் சத்தத்தைக் கூட்ட முடியாத வாத்தியம்

ஹார்ப்சிகார்ட் என்பது பியானோவைப் போலக் கட்டைகள் கொண்ட, ஆனால் தந்தியை மீட்டி ஒலிக்கும் பழைய வாத்தியம். அதன் புகழ்பெற்ற கலைஞர் வாண்டா லாண்டோவ்ஸ்கா, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இரண்டு தொகுதிகளாக எழுதிய 48 பிரெலூட்-ஃபியூகுகளையும் (ஒரு முன்னிசையும், ஒரே மெட்டைப் பல குரல்கள் மாறி மாறித் தொடரும் துண்டும் சேர்ந்த ஜோடிகள்) அதில் வாசித்துப் பதிவு செய்யத் தொடங்கியது 1949-ல். அப்போது அவருக்கு வயது எழுபதை ஒட்டி. 1954-ல்தான் முடித்தார். பிற்பகுதியைப் பதிவு செய்ய, அமெரிக்காவின் லேக்வில் ஊரில் இருந்த அவர் வீட்டுக்கே மைக்குகள் வந்தன.

அந்தப் பதிவுகளில் ஒரு சுரம் ஓங்கி நிற்கிறது, அடுத்தது அடங்கிப் போகிறது. எப்படி என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. ஏனென்றால் ஹார்ப்சிகார்டில் விரல் அழுத்தத்தால் அதைச் செய்ய முடியாது.

கட்டையை அழுத்தினால் அதன் மறுமுனையில் நிற்கும் மெல்லிய மரச்சட்டம் மேலே எழும்பும். அதன் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய முள், இறகுத்தண்டிலோ தோலிலோ செய்தது, தந்தியைச் சற்றுத் தூக்கி நழுவவிடும். வேகமாக அழுத்தினாலும் மெதுவாக அழுத்தினாலும் தந்தி ஏறக்குறைய அதே தூரம்தான் விலகும். அதனால் ஒலி அளவும் மாறுவதில்லை. பியானோவில் சுத்தியலின் வேகம் ஒலியை மாற்றும். வீணையில் விரல் மாற்றும். இங்கே விரலின் பலம் முள்ளைத் தாண்டிப் போகாது.

சரி, அப்படியானால் மிச்சம் இருப்பது? நேரம். மீட்டிய தந்தி உடனே தேயத் தொடங்குகிறது. அடுத்த சுரத்தை ஒரு நொடியின் சிறு பங்கு தாமதித்தால், முந்தையது அதற்குள் இன்னும் அடங்கியிருக்கும். புதியது பளிச்சென்று எழும், காது அதை அழுத்தமாக எடுத்துக்கொள்ளும். கட்டையைச் சீக்கிரம் விட்டால் கம்பளித்துண்டு தந்தியை அமுக்கிவிடும், சின்ன மௌனம் கிடைக்கும். விடாமல் பிடித்திருந்தால் இரண்டு சுரங்களும் கலந்து நிறைவாகக் கேட்கும். ஒன்றாக ஒலிக்க வேண்டிய சுரங்களை வேகமாக அடுக்கினால் ஓங்கும், மெதுவாக உதிர்த்தால் தணியும். லாண்டோவ்ஸ்கா இதில்தான் கரைகண்டவர்.

அப்புறம் ப்ளேயல் என்ற பிரெஞ்சு நிறுவனம் செய்த அவருடைய ஹார்ப்சிகார்ட். அந்த மாதிரி 1912-ல் அவருக்காகவே பாரிஸில் உருவானது: இரண்டு விசைப்பலகைகள், ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் தந்தி வரிசை, வரிசைகளை மாற்றக் கால்மிதிகள். பழைய வாத்தியங்களைப் பார்த்து அப்படியே செய்பவர்களுக்கு இது கனத்த இயந்திரமாகப் படுகிறது. அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த அடிஸ்தாயி முழக்கம் எனக்குப் பிடித்தமானது.

பாக்கின் அந்த 48-ல், முதல் தொகுதியின் 8-ஆவது பிரெலூடை எடுத்துக்கொள்ளுங்கள். சுரக்கொத்துகள் பலவற்றுக்கு முன்னால் நெளிகோடு இருக்கும். கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லும் குறி அது. எவ்வளவு நிதானமாக என்பதைப் பாக் எழுதவில்லை. ஒவ்வொரு கொத்துக்கும் லாண்டோவ்ஸ்கா எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று மட்டும் கவனித்துக் கேளுங்கள்.