இலங்கைப் பயணம்: விடுமுறைத் தேதிக்கு ஏற்ற கரையைத் தேர்ந்தெடுங்கள்

மதுரையிலிருந்து குடும்பங்களையும் சிறு குழுக்களையும் இலங்கைக்கு அனுப்பிவைப்பது என் தொழில். விசாரிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். "லீவு சொல்லியாச்சு தம்பி, டிக்கெட்டும் போட்டாச்சு, எங்கெங்கே போகலாம்னு நீங்கதான் சொல்லணும்" என்பார்கள். கைப்பேசியில் யாரோ அனுப்பிய விளம்பரப் படம் ஒன்று இருக்கும். ஐந்து நாளில் பன்னிரண்டு இடங்கள் என்று அதில் போட்டிருக்கும், எந்த மாதத்திற்கு என்று போட்டிருக்காது. இலங்கைப் பயணம் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஜூலையில் குமுளியில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அதே நாளில் மதுரையில் வறண்ட காற்றுதான் வீசும். மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தன் மேற்குச் சரிவிலேயே வாங்கிக்கொள்வதுதான் காரணம். இலங்கையின் நடுவே நிற்கும் மலைத்தொகுதியும் அப்படியே செய்கிறது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, காலி, இரத்தினபுரி பகுதிகளையும் மலையின் மேற்குச் சரிவையும் நனைக்க, கிழக்கே திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வெயில் அடிக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நிலைமை தலைகீழாகிறது; வடக்கும் கிழக்கும் நனையும், தென்மேற்குக் கடற்கரை தெளிந்திருக்கும். மொத்தப் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர்தான் என்றாலும் எந்த மாதத்திலும் நல்ல வானிலை உள்ள ஒரு பக்கம் அந்தத் தீவில் அநேகமாக இருக்கும். விதிவிலக்கு அக்டோபரும் நவம்பரும்; தீவு முழுவதும் பிற்பகல் இடிமழை பெய்யும், புயல்களும் உருவாகும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலையகத்தில் நிகழ்ந்த நிலச்சரிவுகளில் ஊர்களே புதைந்தன. மலை ரயில் பாதையும் பல இடங்களில் சேதமடைந்தது.

இதை நம் பள்ளி விடுமுறைகளோடு பொருத்திப் பாருங்கள். மே மாதத்தில் போகிறவர்கள் ஹிக்கடுவை, மிரிஸ்ஸ என்று தென்மேற்குக் கடற்கரையைக் கேட்கிறார்கள். அங்கே அப்போது கடல் கொந்தளிக்கத் தொடங்கியிருக்கும். கரையில் நிற்பவரையே காலைப் பிடித்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் கிணற்றிலும் கண்மாயிலும் நீந்திப் பழகியவர்கள், கடல் இழுப்பு அவர்களுக்குத் தெரியாது. சிவப்புக் கொடி நட்டிருக்கும் கரையில் கணுக்கால் அளவுக்குக்கூட இறங்கக் கூடாது என்று ஒவ்வொரு குழுவுக்கும் நான் எழுதிக் கொடுக்கிறேன். மே மாதத்திற்கு உரியது திருகோணமலைப் பக்கத்து நிலாவெளி. கடல் அமைதியாக இருக்கும், படகில் புறாத் தீவுக்குப் போய்ப் பவளப் பாறைகளைப் பார்க்கலாம். அவற்றின் மேல் காலூன்றி நிற்காமல் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவை உயிருள்ளவை. அங்கேயே சம்பந்தர் பாடிய திருக்கோணேச்சரம் கடலுக்கு மேலே பாறையில் நிற்கிறது. அரையாண்டு விடுமுறையில் போகிறவர்களுக்கு மிரிஸ்ஸ பொருந்தும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தக் கடலில் நீலத் திமிங்கிலங்களைப் பார்க்க வாய்ப்புண்டு.

ஏப்ரல் பற்றித் தனியாக ஒரு சொல். சித்திரைப் புத்தாண்டு அங்கே தமிழர்களுக்கும் சிங்களர்களுக்கும் பொதுவான பெருவிழா. அதையொட்டிச் சில நாள்கள் கடைகளும் உணவகங்களும் மூடிக்கிடக்கும், வண்டி ஓட்டுநர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், நுவரெலியாவில் அறை கிடைக்காது. ஒவ்வொரு பௌர்ணமியும் போயா என்னும் அரசு விடுமுறை. அன்று மது விற்பனை கிடையாது, விகாரைகளில் கூட்டம் நிறைந்திருக்கும்.

காலாண்டு விடுமுறைக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது மின்னேரியா. அது மகாசேனன் என்ற அரசன் மூன்றாம் நூற்றாண்டில் வெட்டிய ஏரி; அதைச் சுற்றித் தேசியப் பூங்கா இருக்கிறது. கோடையில் நம் கண்மாய் வற்றும்போது உள்வாயில் புல் முளைப்பதைப் பார்த்தவர்களுக்கு அங்கே நடப்பது உடனே விளங்கும். ஆகஸ்டு, செப்டம்பரில் நீர் பின்வாங்க, வெளியே தெரியும் ஈர மண்ணில் இளம்புல் படரும். சுற்றுக் காடெல்லாம் காய்ந்து கிடப்பதால் யானைக் கூட்டங்கள் அந்தப் புல்லுக்கு வந்து சேரும். நல்ல ஆண்டில் 200 முதல் 300 யானைகள் வரை ஒரே கரையில் நிற்பதுண்டு. தாய் யானை புல்லைத் துதிக்கையால் சுருட்டிப் பிடித்து, முன்காலால் வேரோடு உதைத்தெடுத்து, மண் போக உதறிவிட்டு வாயில் வைக்கும்; பக்கத்தில் நிற்கும் குட்டி அதைச் செய்ய முயன்று மண்ணைத்தான் தின்னும். அதை அருகிலிருந்து பார்க்கும் குழந்தைகள் பேசாமல் நின்றுவிடுகிறார்கள். ஆனால் பாசனத் தேவைக்காக ஏரியில் நீரை உயர்த்தி வைக்கும் ஆண்டுகளில் புல்வெளி மூழ்கிவிடும், யானைகளும் பக்கத்துக் கவுடுல்லைப் பூங்காவுக்கோ ஹுருலுக் காட்டுக்கோ போய்விடும். ஆகவே பூங்காவின் பெயரை முன்கூட்டியே உறுதிசெய்யாமல், அன்று காலை பக்கத்து ஊரான ஹபரணையில் ஜீப் ஓட்டுநர்களைக் கேட்டு முடிவுசெய்வதே சரி. தென்கிழக்கில் உள்ள யால தேசியப் பூங்காவுக்குப் போக நினைப்பவர்கள் செப்டம்பரிலும் அக்டோபர் முற்பகுதியிலும் வறட்சிக்காக அதன் முக்கியப் பகுதி வழக்கமாக மூடப்படும் என்பதை அறிந்திருக்க வேண்டும். புத்தளை – கதிர்காமம் சாலையில் வண்டியை மறிக்கும் யானைகளுக்குப் பழம் கொடுக்காதீர்கள். அப்படிப் பழக்கியதால்தான் அவை வண்டிக்குள் துதிக்கையை நீட்டுகின்றன.

பண்பாட்டு இடங்களில் நம் ஊர்க்காரர்கள் அவசரப்பட்டுக் கடந்துபோகும் ஊர் பொலன்னறுவை. சோழர் ஆட்சியில் அது ஜனநாதமங்கலம் என்று பெயர் பெற்ற தலைநகரம். இராசேந்திரனின் தாய் வானவன் மாதேவியின் பெயரால் அமைந்த கற்கோயில் இன்றும் ஏறக்குறைய முழுமையாக நிற்கிறது. தஞ்சைப் பக்கத்துச் சிறு கோயில் ஒன்றின் முன் நிற்பது போலவே இருக்கும். வெயில் ஏறுமுன் அங்கே போய்விடுங்கள், செருப்பில்லாமல் கருங்கல்லில் நடக்க வேண்டியிருக்கும். அடுத்து வரும், பாறையில் புத்தர் சிலைகள் செதுக்கிய கல்விகாரையில் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வது பௌத்தர்கள் மனத்தைப் புண்படுத்தும் செயல், காவலர்கள் கண்டிப்பார்கள்.

கண்டிக்கும் மதுரைக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. கண்டி அரசர்கள் மதுரையிலிருந்து நாயக்கர் குலப் பெண்களை மணந்து வந்தார்கள். அந்த வழியில் 1739 முதல் 1815 வரை நாயக்கர் மரபினரே அங்கே ஆண்டார்கள். கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் ஆங்கிலேயரின் கைதியாக வேலூரில் 1832இல் இறந்தான். புத்தரின் புனிதப் பல் இருக்கும் கோயிலான தலதா மாளிகைக்கு முன்னே உள்ள ஏரி அவன் வெட்டியது. ஆடி, ஆவணியில் நடக்கும் பெரஹரா என்னும் ஊர்வலத் திருவிழாவில் புனிதப் பல்லின் பேழை ஏந்திய யானையைத் தொடர்ந்து நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் வரும். அவற்றுள் ஒன்று பத்தினித் தெய்வத்துக்குரியது. மதுரையை எரித்த கண்ணகிதான் அங்கே பத்தினி. இதைச் சொன்ன பிறகு நம் குழுவில் யாரும் அந்த ஊர்வலத்தை வெறும் யானைக் காட்சியாகப் பார்ப்பதில்லை. தலதா மாளிகைக்குத் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசாமி கோயிலிலோ ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். நல்லூரின் 25 நாள் திருவிழாவும் ஏறத்தாழ இதே பருவத்தில் வருகிறது. இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகவே ஒரு பகல் முழுவதும் ஆகும் என்பதைக் கணக்கில் வையுங்கள். சாலைகள் நன்றாக இருந்தாலும் வேகமாகப் போகக்கூடியவை அல்ல.

மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களைப் பார்க்கப் போகிறவர்களிடம் ஒன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே கொழுந்து பறிக்கும் பெண்களின் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து போனவர்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தமிழில் ஒரு வார்த்தை பேசுங்கள், எந்த ஊர்ப் பக்கம் என்று அவர்களே கேட்பார்கள். கண்டி – எல்ல ரயிலில் உட்கார்ந்து போக முன்பதிவு வேண்டும். பாதை முழுவதும் ரயில் ஓடுகிறதா என்பதையும் புறப்படும் வாரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். கதவருகே தொங்கிப் படம் எடுப்பதை நான் அனுப்பும் குழுக்களுக்கு அறவே தடுத்துவிடுகிறேன்.

கடைசியாக, பக்தர்கள் யாத்திரையாக ஏறும் சிவனொளிபாதமலை. 2,243 மீட்டர் உயரம். நல்லதண்ணி வழியில் ஏறக்குறைய 5,500 படிகள். பழனி மலைப் படிகள் எழுநூறுக்குள்தான் என்பதை நினைத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். பருவம் டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை. அதற்கு வெளியே படியோரக் கடைகளும் விளக்குகளும் இருக்காது, காற்றும் மழையும் கடுமையாக இருக்கும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம். ஏற முடியாதவர்களை நுவரெலியா அருகே ஓடைக்கரையில் இருக்கும் சீதையம்மன் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்கள் மலைக்குப் போவது என்று குழுவை இரண்டாகப் பிரிக்கலாம். அதற்கு இரண்டு வண்டிகள் வேண்டும் என்பதை மதுரையிலேயே சொல்லிவிடுங்கள்.